தயாபரன் எந்தப் பக்கம் நின்று அடித்திருக்க வேண்டும்?

செய்தி காலையில் வந்தது. தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. நகரத்துக்கு வெளியே அஜக்ஸிலிருந்து குகன். எங்கள் பேஸ்போல் அணியில் மட்டைக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்தவன்.

“அண்ணை, தயா எங்களை விட்டிட்டுப் போட்டான்.”

“எந்தத் தயா?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த தயா ஒருவன்தான்.

“எங்கட தயாதான் அண்ணை. வேலைக்குப் போற ரெயினுக்குள்ள. நித்திரை கொள்ளுறான் எண்டு சனம் இருந்திருக்கு. கடைசி ஸ்ரேசனில ஆரோ தட்டி எழுப்பப் போய்த்தான் தெரிஞ்சது. ஹார்ட் அற்றாக்காம்.”

“அவன் ஏன் ரெயினில போனவன்? கார் இருக்கெல்லோ?”

“உங்களுக்குத் தெரியாதோ அண்ணை?” என்றான் குகன். பிறகு சவச்சாலையின் முகவரியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எனக்குத் தெரியும். மாரிகாலத்தில் காலை இருட்டில், எதிரே வரும் வெளிச்சங்களுக்கு நடுவே, நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் கார் ஓட்ட அவனால் முடியாது. அவனுடைய இடக்கண் சரியில்லை. அது ஏன் சரியில்லை என்பது தயாபரனைத் தெரிந்த அனைவருக்கும் தெரியும். அதில் என் பெயரும் சேர்ந்திருப்பதும் தெரியும். ஆகவே இந்தப் பத்திரிகைக்காரர்கள் தயாபரனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னிடம் ஏன் கேட்டார்கள் என்பது விளங்கவில்லை. கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த விதத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் வாளி வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தோம். எங்கள் நகரத்துத் தொழில்முறை பேஸ்போல் அணி இரண்டு வருடம் தொடர்ந்து கிண்ணம் வென்ற காலம் அது. பேஸ்போல் பார்க்காதவனை மனிதனாக மதிக்காத காலம். தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் இடையே ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டி நடக்கும். எங்கள் தொழிற்சாலையிலும் ஓர் அணி சேர்த்தோம். பெரும்பாலும் ஊரில் கிரிக்கெட் ஆடிய பொடியள்தான். நான் அவர்களைவிட மூத்தவன், ஓடமுடியாது. ஆனால் அந்த விளையாட்டின் விதிகளை முழுதாக அறிந்தவன் நான் ஒருவனே. ரிவி பார்த்தும், நூலகத்தில் புத்தகம் எடுத்து அகராதியைப் பக்கத்தில் வைத்து வாசித்தும் நானாகப் படித்தேன். எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அணிக்கு நான் கோச் ஆனது அப்படித்தான். எவரும் நன்றி சொன்னதாக நினைவில்லை. அது வேறு கதை.

தயாபரன் முதல் பயிற்சிக்கு வந்தபோது வலக்கைக்காரனாக நின்றான். கிரிக்கெட்டில் கைதேர்ந்தவன் என்பது நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. மட்டையைச் சுழற்றி அடித்தபோது நாங்கள் கைதட்டினோம். பிறகு, ஒருவரும் கேட்காமலே, அடிக்கும் இடத்தின் மற்றப் பக்கத்துக்குப் போய் இடக்கைக்காரனாக நின்றான். அந்தப் பக்கமும் அடித்தான்.

“எட, நீ சோத்துக்கைக்காரன் எல்லோ?” என்றேன்.

“ஓம் அண்ணை. ஆனா பிறந்தது இந்தக் கையோட,” என்று இடக்கையைத் தூக்கிக் காட்டினான்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் விபரம் சொன்னான். சின்ன வயதில் இடக்கையால் எழுதவும் சாப்பிடவும் போவானாம். தகப்பன் அந்தக் கையைக் கதிரையோடு சேர்த்துக் கட்டிவிட்டுச் சோறு வைப்பாராம். பள்ளிக்கூடத்தில் அதே கைக்குப் பிரம்படி. கொஞ்சக் காலத்தில் வலக்கை பழகிவிட்டது. கிரிக்கெட்டும் வலக்கையால்தான் படித்தான். நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டோம். எங்கள் எல்லோருடைய வீட்டிலும் ஓர் இடக்கையன் இருந்தான், அவனுக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது. தயாவும் சிரித்தான். சிரித்துவிட்டுச் சொன்னான்:

“இஞ்ச வந்தாப்பிறகு ஒருத்தரும் இந்தக் கைக்கு அடிக்கேல்லை அண்ணை. அதுதான் வெளியில எடுத்துப் பாத்தன்.”

பேஸ்போல் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எறிபவன் வலக்கையனாக இருந்தால், அவனுடைய பந்து வலப்பக்கத்து அடிகாரனுக்குத் தன் இடத்தோளுக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு வருவது போலிருக்கும். முகத்துக்கு வருகிறதா, வளைந்து விலகப் போகிறதா என்று கடைசி வரை தெரியாது. இடப்பக்கம் நிற்பவனுக்கோ அதே பந்து கண்ணுக்கு முன்னால் விரிந்து வரும். ஆகவே இரண்டு பக்கமும் அடிக்கத் தெரிந்தவன், எறிபவனின் கையைப் பார்த்துத் தன் பக்கத்தை மாற்றிக்கொள்வான். எறிபவர்கள் பெரும்பாலும் வலக்கையர். எனவே தயா பெரும்பாலும் இடப்பக்கம் நின்றான். முதல் வருடம் நன்றாகவே அடித்தான். அதை நான் மறைக்கவில்லை.

அடுத்த வருடம் ஆவணியில் பெரிய அணிகளின் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரிவியில் பார்க்க ஒன்றுமில்லை. அதனால் எங்கள் ஞாயிறு ஆட்டங்களுக்குச் சனம் வரத் தொடங்கியது. மடக்குக் கதிரை, பிளாஸ்க், வடைப் பொட்டலம் எல்லாவற்றோடும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அந்தக் கோடையில்தான் தயாவின் இடப்பக்கம் சரிந்தது. பந்து போன பிறகு மட்டை வந்தது. மட்டை வந்தபோது பந்து இல்லை. சனம் முதலில் உச்சுக் கொட்டியது, பிறகு சிரித்தது. சிரிப்பு எனக்கும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஓர் ஆட்டம் முடிந்து டோனட் கடையில் இருந்தபோது நான் சொன்னேன்: “தயா, இனி ஒரு பக்கம் நில். வலப்பக்கம்.”

“ஏன் அண்ணை?”

“ரண்டு பக்கமும் பழகச் சம்பளம் வாங்கி விளையாடுறவனுக்கு நேரம் கிடக்கு. நீ வாளி வாக்கிறவன். கிழமையில ரண்டு பின்னேரம் பழகிறாய். அதையும் ரண்டாப் பிச்சால் என்ன மிஞ்சும்?”

“ரண்டு தோணியில கால் வைச்சவன்ர கதைதான்,” என்றான் குகன்.

“தோணி ரண்டும் ஒரு பக்கம்தான்ரா போகுது. நீ உன்ர டோனட்டைத் தின்,” என்றான் தயா. பிறகு என்னிடம் திரும்பினான். “அண்ணை, வலக்கையன்ர பந்தை வலப்பக்கம் நிண்டு இந்த விளையாட்டில நான் கண்டதே இல்லை. இனித்தான் முதல்ல இருந்து தொடங்க வேணும்.”

“ஊரில கண்டனிதானே?”

“ஊரில நிலத்தில குத்தி வந்தது. இது குத்தாமல் வருது.”

“வலப்பக்கம் நிண்டா உன்ர அடி பாக்க ஒரு வடிவு. இடப்பக்கம் நிண்டா விறகு கொத்திற மாதிரிக் கிடக்கு.”

“வடிவுக்கோ அண்ணை அடிக்கிறது?”

“இப்ப அடியும் இல்லை, வடிவும் இல்லை.”

மேசை முழுவதும் சிரித்தது. தயாவும் சிரித்தான், ஆனால் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். “தடுமாறுறதுக்காக விடச் சொன்னால் நான் இங்கிலீசையும் விடவேணும் அண்ணை,” என்றான். அதற்கும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு தொடக்கம் இடப்பக்கம் நின்றால் ஆடாமல் வெளியே வாங்கிலில் இருக்க வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. இதை வாசிக்கும் சிலர் அந்த மேசையில் இருந்தவர்கள். குகன் உட்பட. உங்களில் எவரும் அன்று “பாவம், விடுங்கோ” என்று சொல்லவில்லை. பிற்பாடு சவச்சாலை வாசலில் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினீர்கள். அது எனக்குக் கேட்டது.

தயா அதற்குப் பிறகு வாதாடவில்லை. “சரி அண்ணை, நீங்கள் சொன்னால் சரி,” என்றான். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு அவனுக்கு வேண்டியிருந்தது. வாங்கிலில் இருப்பதைவிட நான் சொன்ன பக்கம் நிற்பது மேல் என்று நினைத்திருப்பான். இப்போது எண்ணிப் பார்க்கிறேன்: அவன் என்னைத் திட்டியிருந்தால், மட்டையை எறிந்துவிட்டுப் போயிருந்தால், எனக்கு எவ்வளவு நல்லது.

இரண்டு மூன்று பின்னேரங்கள் அவனை வலப்பக்கம் நிறுத்திப் பழக்கினேன். பந்து தன் பக்கம் வந்ததும் அவன் பின்வாங்கினான். அது இயல்பு. நான் ஒதுங்கவிடவில்லை. கிரிக்கெட்டில் எங்களுக்குச் சொல்லித்தந்ததை நானும் சொன்னேன்: “பயப்பிடாதை. முன்காலை வை. பந்தின்ர கோட்டுக்குள்ள உடம்பைக் கொண்டு போ. அது வளைஞ்சு விலகிப் போகும்.” கிரிக்கெட்டில் அது சரியான பாடம். அங்கே காலில் காப்பு உண்டு, பின்னால் காப்பாற்ற விக்கெட் உண்டு, பந்து நிலத்தில் குத்தி வேகம் குறைந்து வரும். பேஸ்போலில் முதுகுக்குப் பின்னால் காப்பாற்ற ஒன்றுமில்லை. தலையை எடுத்துக்கொண்டு விழுந்துவிடலாம், வெட்கமில்லை. நான் வாசித்த புத்தகங்களில் அது எழுதியிருந்தது. வாசித்துமிருந்தேன். ஆனால் மைதானத்தில் என் வாயில் வந்தது ஊர்ப் பாடம்தான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவரும் அந்த வித்தையை அந்த இடத்தில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிறு எறிந்தவன் நெடுவல், வலக்கையன், வேகக்காரன். முதல் பந்து வளைந்து விலகிப் போனது. தயா நான் சொன்னபடியே நின்றான். “அப்பிடித்தான்!” என்று கத்தினேன். அடுத்த பந்தும் அதே இடத்திலிருந்து புறப்பட்டது. தயா முன்காலை வைத்தான், உடம்பைக் கொண்டுபோனான். அது வளையவில்லை.

ஹெல்மெற் கன்னத்தை மூடாது. இடக்கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்தது. சத்தம் மடக்குக் கதிரைகள் வரை கேட்டது. எறிந்த பொடியன் ஓடிவந்து முழந்தாளிட்டு அழுதான். நான் ஓடவில்லை. பிறகு நடந்துதான் போனேன்.

எலும்பைப் பொருத்தினார்கள். கண்ணைக் காப்பாற்றினோம் என்றார்கள். பார்வை முழுதாகத் திரும்பவில்லை, நடுவில் ஒரு மங்கல் நின்றுவிட்டது. அந்த நாட்களில் தயா பிறம்ரனில் இருந்த தன் மச்சானோடு பெரிய லொறி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். வாளித் தொழிற்சாலையின் சூட்டை விட்டு வெளியே போக அவனுக்கு இருந்த வழி அது. சின்னக் கார் ஓட்டலாம், பெரிய லொறிக்கு இந்தக் கண் போதாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் திரும்பவும் அதே இயந்திரத்துக்கு வந்தான். நான் அடுத்த இயந்திரத்தில் நின்றேன். வேறு பகுதிக்கு மாற்றும்படி நானாகவே கேட்டு வாங்கினேன். அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று தெரியாது.

அதற்கு முன், தயா கண்ணில் கட்டோடு வீட்டில் இருந்தபோது ஒருமுறை தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். மனைவி மங்கை தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன பேசுவதென்று தெரியாமல் நான் அந்தப் பழைய வாதத்தையே எடுத்தேன். தடுமாறுகிறவன் ஒரு பக்கம் நிற்பதுதான் சரி, அந்தப் பந்து ஒரு விபத்து, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றெல்லாம் சொன்னேன். நோயாளியைப் பார்க்கப் போனவன் பேசும் பேச்சா அது? தயா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணை, நீங்கள் சொன்னது சரிதான். சொன்ன ஆள்தான் பிழை,” என்றான். “அதைக் கேட்ட என்னைச் சொல்லுறன். உங்களையில்லை.”

அவன் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். “தயாவே சொல்லிப்போட்டான், நான் சொன்னது சரியெண்டு,” என்று கடை கடையாகச் சொல்லித் திரிந்தேன். இதையும் உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

அணி அடுத்த வருடம் சேரவில்லை. தொழிற்சாலையும் மூடியது. தயா நகரத்துக்குள் வேறு வேலை தேடிக்கொண்டு, வீடு மலிவென்று அஜக்ஸுக்குப் போனான். அங்கே போன இரண்டாம் கோடையில் ஒரு நாள் தொலைபேசியில் வந்தான். குரலில் பழைய துள்ளல்.

“அண்ணை, இஞ்ச ஒரு பேஸ்போல் ரீம் இருக்கு. சேர்ந்திட்டன். ஞாயிறு வாங்கோ.”

“உந்தக் கண்ணோட என்ன விளையாட்டு?”

“இப்ப நீங்கள் சொன்ன மாதிரித்தான் அண்ணை. ஒரு பக்கம்தான் நிக்கிறன்.”

“எந்தப் பக்கம்?”

“வந்து பாருங்கோவன்.”

நான் அதற்கு முன்பே விடையைக் கண்டுபிடித்துவிட்டேன். வலப்பக்கம் நிற்பவனுக்கு எறிபவனை நோக்கி முன்னால் இருப்பது இடக்கண். அது அவனுக்கு மங்கல். இடப்பக்கம் நின்றால் நல்ல கண் முன்னால் வரும். நான் விடச் சொன்ன பக்கத்தைத் தவிர வேறு பக்கம் அவனுக்கு மிச்சமில்லை.

கார் பழுது என்று சொன்னேன். கார் பழுதில்லை. அடுத்த கோடையிலும் கூப்பிட்டான். “அண்ணை, குகன் கூட்டிக்கொண்டு வருவான், நீங்கள் சும்மா கதிரையில இருந்தாக் காணும்,” என்றான். முதுகு நோகிறது என்றேன். அவன் அந்தப் பக்கம் நின்று நன்றாக அடித்தால் நான் என்ன முகத்தோடு கைதட்டுவது? அடிக்காவிட்டால், அது இன்னும் மோசம். இரண்டையும் பார்க்காமல் வீட்டில் இருந்தேன். அதற்கடுத்த கோடையில் அவன் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

சவச்சாலையில் ஒருவர் உரை நிகழ்த்தினார். தயாபரன் ஊருக்கும் இந்த நாட்டுக்கும் இடையே இரண்டு பக்கமும் நின்று அடித்த வீரன், நம்முடைய வாழ்க்கையின் குறியீடு என்றார். எழுந்து நிறுத்தச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவன் குறியீடு இல்லை. அவனுக்கு ஒரு கை இருந்தது. அந்தக் கையைத் தகப்பன் கட்டினார், வாத்தியார் அடித்தார், கடல் தாண்டி வந்து அதை வெளியே எடுத்தபோது நான் திரும்பக் கட்டினேன். அவனுக்கு எது நல்லதென்று நான் கணக்குப் பார்த்ததாகத்தான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். கணக்கு உண்மைதான். ஆனால் இரண்டில் ஒன்றை விடு என்பதுவரைதான் கணக்கு. இடப்பக்கத்தை விடு என்று சொன்னது கணக்கு அல்ல. இடக்கையால் அடிப்பது என் கண்ணுக்கு ஒவ்வவில்லை, அவ்வளவுதான்.

வரிசையில் நின்று மங்கையிடம் போனேன். ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் என் வாயில் வேறு கேள்வி வந்தது.

“தங்கச்சி, அஜக்ஸில தயா எப்பிடி அடிச்சவன்?”

பக்கத்தில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். மங்கை முறைக்கவில்லை.

“எனக்கு உந்த விளையாட்டு விளங்காது அண்ணை,” என்றார். “ஆனா ஞாயிற்றுக்கிழமையில வந்து நல்லாச் சாப்பிடுவார். பாட்டும் பாடுவார். அந்த ஒரு நாள்தான் பாடுவார்.”

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே பனியில் நின்றேன். குகன் வந்து காரில் ஏறச் சொன்னான். ஏறினேன்.

தடுமாறும் அடிகாரன் ஒரு பக்கம் நிற்க வேண்டும் என்பது இன்றைக்கும் என் கட்சி. அதை மாற்ற மாட்டேன், தயாபரனே அஜக்ஸில் அதை நிரூபித்திருக்கிறான். எந்தப் பக்கம் என்று எவராவது இனி என்னிடம் கேட்டால் நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

இப்படி எழுதுகிறவர்கள் கடைசியில் இறந்தவரிடமிருந்து தங்களிடம் என்ன மிஞ்சியது என்று சொல்வார்கள். அஜக்ஸ்காரர்களிடம் ஒரு தயாபரன் இருப்பான்: இடப்பக்கம் நின்று, நல்ல கண்ணை முன்னால் வைத்து, பந்தை மதிலுக்கு மேலால் அனுப்பிவிட்டு ஓடுகிறவன். அவனை நான் பார்க்கவில்லை. இருமுறை கூப்பிட்டும் பார்க்கவில்லை. நினைவில் எழுப்ப முயன்றாலும் வருவதில்லை. என்னிடம் இருப்பவன் வலப்பக்கம்தான் நிற்கிறான். முன்காலை வைக்கிறான், உடம்பைக் கோட்டுக்குள் கொண்டுபோகிறான், நான் சொன்னபடி, ஒரு சொல் மறுக்காமல். வேறு தயாபரன் என்னிடம் இல்லை. இவனைத்தான் வைத்திருக்கிறேன்.